பந்தய லாரியும் கிளாடிஸ் மேடமும்

தூத்துக்குடியில் லாரி ஓட்டுகிற யாரிடமாவது கிளாடிஸ் மேடத்தைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியும் என்று வாய் சொல்வதற்கு முன்னால் கை தன்னால் சீட் பெல்ட்டைத் தேடும். கிளாடிஸ் மோட்டார் வாகன ஆய்வாளர். வயது நாற்பதை நெருங்குகிறது. ஆள் உயரமில்லை, கண்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் நின்றால் டயர்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் அவள் கையை நீட்டிவிட்டால், காற்றாலை இறக்கையைச் சுமந்துகொண்டு துறைமுகத்திலிருந்து ஊர்ந்து வருகிற ராட்சத வண்டியும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரங்கட்டும்.

சொந்த ஊர் நாசரேத். அந்தக் குடும்பத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாத்தியார்கள்தான். அப்பா பொன்னுதுரை கணக்கு வாத்தியார். அம்மா ஜீவமணி தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. பெரியப்பா, சித்தி, மாமா என்று கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்தால் அது குடும்பமா, ஆசிரியர் கூட்டமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வீட்டில், பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வந்த கிளாடிஸ், "நான் பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் படிக்கப் போறேன்" என்றாள்.

"ஏளா, உனக்கென்ன பைத்தியமா?" என்றார் ஜீவமணி. "டீச்சர் வீட்டுப் பிள்ளை கிரீஸும் கையுமா நிக்கப் போறியா?"

பொன்னுதுரை மட்டும், "அதுவும் கணக்குதான், படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கிளாடிஸ் போனாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்து முத்தையாபுரத்தில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆய்வாளர் வேலைக்கு எழுதிப்போட வேண்டுமானால் பட்டறை அனுபவம் வேண்டும், கனரக வாகனம் ஓட்டுகிற உரிமமும் வேண்டும். எந்த டிரைவிங் ஸ்கூலும் ஒரு பெண்ணுக்கு லாரி ஓட்டக் கற்றுத்தர முன்வரவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு ரிப்பேருக்கு வருகிற உப்பு லாரிகளைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உப்பளப் பாதையில் ஓட்டி ஓட்டித்தான் பழகினாள். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தால்தான் கிளட்ச் எட்டும். உரிமத்துக்கான சோதனை அன்றைக்கும் அதே தலையணையோடுதான் போனாள். லாரியைப் பின்னால் எடுத்து, எட்டுப் போட்டு, கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கியபோது, வேலிக்கு வெளியே பொன்னுதுரை குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தார். அவர் வருவதாகச் சொல்லவே இல்லை.

பரீட்சை எழுதி, ஆய்வாளராகி, வெளியூர்களில் எல்லாம் இருந்துவிட்டுத் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்தாள். இவ்வளவு ஆன பிறகும் ஜீவமணிக்கு மனசு ஆறவில்லை. கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது, "மக என்ன செய்தா?" என்று கேட்டால், "கவர்மென்ட் வேலை" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். மகள் நடுரோட்டில் நின்று லாரியை மறிக்கிறாள் என்பதை அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. அது கிளாடிஸுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப்பற்றி அம்மாவிடம் அவள் பேசியதில்லை.

தூத்துக்குடிப் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் இல்லாமல் இருக்காது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவுக்குத் தக்கபடி தனித்தனியாக விடுவார்கள். பந்தய மைதானம் என்று ஒன்று கிடையாது. ரோடுதான் மைதானம். அனுமதி வாங்கி, போலீஸ் நிறுத்தி, ரோட்டில் இத்தனை தூரம் போய்த் திரும்ப வேண்டும் என்று அளந்துவிடுவார்கள். அதற்கு எல்கை என்று பேர். முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களுக்குப் பரிசாகக் கொடி. பந்தயத்துக்கும் கிளாடிஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் எல்லாம், பந்தயத்துக்கு மாட்டையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகளோடுதான்.

அந்த லாரிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த உருவம் எதற்கும் இருக்காது. மாடு வசதியாக நிற்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். டிரைவர் தலைக்கு மேலே இன்னொரு தட்டு. அதற்கு மேலே காளையின் படம் போட்ட பலகை. பந்தய வண்டி பின்னால் கிடக்கும். மாடு பூட்டுகிற நீளமான ஏர்க்கால் பின்கதவைத் தாண்டி, ரோட்டின்மேல் நீட்டிக்கொண்டு இருக்கும். அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தால் பெரிய விஷயம்.

மாப்பிள்ளையூரணிக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு சாயங்காலம் அது நடந்தது. பந்தயம் முடிந்து திரும்பிய லாரி ஒன்று இடப்பக்கமாகத் திரும்பியது. முன்பக்கம் இடது பக்கம் போனால் வால் வலது பக்கம் வீசும். அது எந்த நீளமான வண்டிக்கும் உள்ள குணம். தாளமுத்துநகர்க் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கிற டிக்சன், ஐஸ் பெட்டியோடு மொபெட்டில் அந்த வலது பக்கத்தில் காத்து நின்றான். லாரி போய்விட்டது என்று நினைத்து வண்டியை நகர்த்தினான். ஏர்க்கால் அவனைத் தோளோடு சேர்த்து வாரிப் போட்டது. காறை எலும்பு முறிந்தது. இன்னும் ஒரு சாண் மேலே பட்டிருந்தால் கழுத்து.

மறுநாள் கிளாடிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டிக்சன் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான்.

"கம்பு எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல மேடம்."

"கேஸ் உண்டு. நீங்க ஒண்ணும் யோசிக்காதிய."

"கேஸ் போடுங்க. ஆனா பந்தயத்தை நிறுத்திராதிய மேடம். சின்ன மாட்டுப் பந்தயம்னா நான் ஏலத்தையே விட்டுட்டு ஓடுத ஆளு."

அந்த வலியிலும் அவன் அப்படிச் சொன்னது கிளாடிஸுக்கு மனசில் தைத்தது. வெளியே வராந்தாவில் அந்த லாரியின் சொந்தக்காரர் ஆறுமுகநயினார் தூக்குச்சட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாகப் பந்தய மாடு வளர்க்கிற வீடு. அந்தச் சுற்றுவட்டாரப் பந்தயக் குழுவுக்கு அவர்தான் தலைவர். டிக்சனை அள்ளிப்போட்டுக் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான். முந்தின நாளிலிருந்து வீட்டுக்கும் போகவில்லை. கிளாடிஸைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நேரம் சரியில்ல மேடம். என்ன செய்ய?"

"நேரம் இல்ல அண்ணாச்சி. நீளம்."

அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பந்தயத்துக்குப் போகிற வழியில் கிளாடிஸ் ஜீப்பை நிறுத்தி, ஒவ்வொரு பந்தய லாரியையும் ஓரங்கட்ட வைத்தாள். உயரம் அளந்தாள், அகலம் அளந்தாள், பின்னால் நீட்டியிருந்ததை அளந்தாள். சரக்கு எதுவாக இருந்தாலும் பாடிக்கு வெளியே ஒரு சாணும் நீட்டக்கூடாது என்பது சட்டம். அன்றைக்கு வந்த லாரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றுக்கும் அபராதம். பதிவுச் சான்றில் உள்ளபடி பாடியைத் திரும்பக் கட்டிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு.

கேட்க வேண்டுமா? ஊரே கொதித்தது. ஒரு பொம்பளை வந்து நம்ம காளையை நிறுத்தப் பாக்குதா என்று வாட்ஸ்அப்பில் யாரோ பேசிய குரல் பதிவு ஒட்டப்பிடாரம் வரைக்கும் போனது. அலுவலகத்து வாசலில் நாற்பது ஐம்பது பேர் வந்து நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் சிவபாலன். துறைமுகத்தில் சொந்தமாக டிரெய்லர்கள் ஓட்டுகிறவர். பெரிய இடங்களில் எல்லாம் பழக்கம் உண்டு. பந்தய மாடு அவருக்கு ஆசைக்கு வைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஆசைக்கு அவர் கட்டியிருந்த லாரிதான் எல்லாவற்றிலும் பெரியது, இரண்டு மாடி.

"மேடம், இது பாரம்பரியம். எத்தனை வருசமா ஓடுது தெரியுமா?" என்றார் சிவபாலன்.

"மாடு ஓடட்டும். அதை யாரு வேண்டாம்னா? லாரிக்கு என்ன பாரம்பரியம் இருக்கு?"

கூட்டத்தில் பின்னால் நின்ற ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிவபாலனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி, வண்டியை வேற எப்படித்தான் கொண்டுபோகணும்? நீங்களே வந்து ஏத்திக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் கிளாடிஸ் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தாள். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று பட்டது. கூடாது என்று சொல்லத் தெரிந்த தனக்கு, எப்படிக் கூடும் என்று சொல்லத் தெரியவில்லையே. பந்தய வண்டியை அவள் லாரிக்குள் கிடந்துதான் பார்த்திருக்கிறாளே தவிர, மாடு பூட்டிப் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் சாயங்காலம் சீருடை இல்லாமல், ஒரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஆறுமுகநயினாரின் தோட்டத்துக்குப் போனாள். மாட்டைப் பழக்குகிற நேரம். சாரதி பேச்சிமுத்து வண்டியில் இருந்தான். பந்தய வண்டி ஓட்டுகிறவனைச் சாரதி என்றுதான் சொல்வார்கள். நல்ல சாரதி கிடைப்பது நல்ல மாடு கிடைப்பதைவிடக் கஷ்டம். பேச்சிமுத்துவை இந்த வீட்டுக்காரர், அந்த வீட்டுக்காரர் என்று மாறி மாறிக் கூப்பிடுவார்கள்.

"வண்டியைக் கழத்தி ஏத்த முடியாதா?" என்று கேட்டாள் கிளாடிஸ்.

"கழத்தலாம் மேடம். திரும்பப் பூட்டுனா அதே மாதிரி இருக்காது. ஏர்க்கால் ஒரு நூல் தள்ளுனாலும் வண்டி ஒரு பக்கமா இழுக்கும். மாட்டுக் கழுத்துல புண்ணு விழும். அதான் அப்படியே தூக்கி வைக்கது."

அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. லாரியில் சக்கரங்களை நேர்படுத்தி வைத்ததைக் கலைக்கிற மாதிரி. அவள் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சிமுத்து நாலைந்து நடை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினான். ஆள் இறங்கிப் போய்த் தண்ணீர் குடிக்கிற வரைக்கும், இரண்டு காளைகளும் ஏர்க்காலை நடுவில் விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக அசை போட்டுக்கொண்டு அமைதியாக நின்றன. கம்பு விலாவில் உரசுகிறது. அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை அவற்றுக்கு.

கிளாடிஸ் எழுந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, லாரியில மாட்டை எங்கன நிறுத்துதிய?"

"முன்னால. குறுக்க. வண்டி பின்னால கிடக்கும்."

"குறுக்க எதுக்கு? நீளவாக்குல நிறுத்துங்க. வண்டியைத் திருப்பிப் போடுங்க. ஏர்க்கால் முன்னால பாக்கட்டும். அதுக்கு ரெண்டு பக்கமும் மாடு நிக்கட்டும். இப்ப நிக்கது மாதிரியே."

பேச்சிமுத்து குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை விழுங்காமல் நின்றான். ஆறுமுகநயினார் மாட்டைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், தூரத்தில் நின்ற தன் லாரியைப் பார்த்தார். பிறகு, "குலுங்கும்போது மாட்டு மேல கம்பு இடிக்குமே" என்றார்.

"ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு, சாக்கு வச்சுத் தைங்க."

"மேல்தட்டு?"

"அது எதுக்கு அண்ணாச்சி? எல்லாந்தான் கீழயே அடங்கிருச்சே."

அது மறுநாளே நடந்துவிடவில்லை. சக்கரம் பின்கதவில் முட்டியது. ஒரு காளை ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாக்குக்குப் பதில் பழைய டயர் டியூபை வெட்டி அடித்தார்கள். ஆனால் ஆறுமுகநயினார் விடவில்லை. டிக்சன் கட்டுப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன அந்த வாரத்தில், அவருடைய லாரி மேல்தட்டு இல்லாமல், இழுத்துக் கட்டிய பக்கம் இல்லாமல், பதிவுச் சான்றில் உள்ளபடி சோதனைக்கு வந்து நின்றது. கிளாடிஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு விரல்கூட எங்கேயும் வெளியே நீட்டவில்லை. பதினாறு வருச உத்தியோகத்தில் எத்தனையோ வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுத்திருக்கிறாள். அன்றைக்குப் போட்ட கையெழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள். தலைவர் லாரிக்கு மொட்டை போட்டுவிட்டார் என்றார்கள். ஆனால் குறுக்கே நின்று வந்த மாடுகள் வளைவுக்கு வளைவு கால் மாற்றி மாற்றிக் களைத்துப்போய் இறங்கும். ஆறுமுகநயினாரின் மாடுகள் நீளவாக்கில் நின்று வந்து புதுசாக இறங்கின. பக்கத்து ஊர்ப் பந்தயத்தில் கொடியும் வாங்கின. அதற்கப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு லாரியாக மாறத் தொடங்கியது. மேல்தட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

மாறாதது சிவபாலனுடையது மட்டும்தான்.

மாசி மாசத்தில் பெரிய பந்தயம் வந்தது. மதுரை, தேனிப் பக்கத்திலிருந்தெல்லாம் மாடுகள் வருகிற பந்தயம். எல்கை தொடங்குகிற இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே, விலக்கில், கிளாடிஸ் காலையிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டாள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவள் கையைக் காட்டாமலேயே நிறுத்தி, பின்கதவைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். சிலபேர், "பாத்துக்கிடுங்க மேடம்" என்று சவால் விடுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கடைசியாக வந்தது இரண்டு மாடி லாரி. மேலே காளைப் பலகை. அதற்கும் மேலே கொடி. பந்தய வண்டி மேல்தட்டில் கிடந்தது. ஏர்க்கால் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கிளாடிஸ் கையை நீட்டினாள்.

லாரி நின்றது. பின்னாலேயே காரில் வந்த சிவபாலன் இறங்கினார். உள்ளேயிருந்து பேச்சிமுத்துவும் இறங்கி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நின்றான். அன்றைக்கு அவர் மாட்டுக்கு அவன்தான் சாரதி.

"இன்னைக்கு ஒரு நாள் விடுங்க மேடம். அபராதம் எவ்வளவுன்னாலும் கட்டிருதேன்" என்றார் சிவபாலன்.

"அபராதம் கட்டுனா கம்பு குட்டையாயிருமா?"

சிவபாலன் போனை எடுத்தார். யாரிடமோ பேசினார். கொஞ்ச நேரத்தில் கிளாடிஸின் போன் அடித்தது. யார் யாரோ பேசினார்கள். பண்டிகை நாள், பார்த்துச் செய்யுங்கள், ஊர்ப் பிரச்சினை ஆகிவிடக்கூடாது என்றார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். கடைசியாக அவளுடைய மேலதிகாரி கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "நீங்க செய்யது சரி. மத்தவங்க போனை எனக்குத் திருப்பி விடுங்க" என்றார். அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் போன லாரிக்காரர்களில் சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். ஆறுமுகநயினாரும் வந்துவிட்டார். அடிதடி ஆகிவிடுமோ என்று கான்ஸ்டபிள் ஒருவர் லத்தியைக் கையில் எடுத்தார். ஆறுமுகநயினார் நேரே சிவபாலனிடம் போனார்.

"தம்பி, நாங்க எல்லாரும் வெட்டிட்டுத்தான வந்திருக்கோம். உனக்கு மட்டும் தனி ரோடா போட்டிருக்கு?"

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நம்ம காளையை நிறுத்தப் பாக்குதா என்று அன்றைக்கு யார் கத்தினார்களோ, அவர்களே இன்றைக்கு அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். கிளாடிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதுகில் அது தெரிந்தது.

சிவபாலனின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப என் மாடு ஓட வேண்டாங்கிய? ஒரு வருசமா வளத்திருக்கேன் மேடம். இன்னும் கொஞ்ச நேரத்துல பெரிய மாடு விட்டுருவாங்க."

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆசைக்கு வளர்த்தாலும் வளர்த்தவர் வளர்த்தவர்தான்.

"நான் லாரியைத்தான் பிடிச்சிருக்கேன். மாட்டை இல்ல" என்றாள் கிளாடிஸ். "மாட்டை இறக்குங்க. வண்டியை இறக்குங்க. இங்கனயே பூட்டி ஓட்டிட்டுப் போங்க. மாட்டு வண்டி ரோட்டுல போகதுக்கு யாரு பெர்மிட்டும் வேண்டாம்."

பேச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்ததும் கூட்டமே சிரித்தது. ஆறுமுகநயினார் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? ஏறி இறக்குங்கலே!" என்று சத்தம் போட்டார். எந்த மாடு தன் மாட்டோடு போட்டி போடப் போகிறதோ, அதன் வண்டியை அவரே ஒரு பக்கம் தோள் கொடுத்து இறக்கினார். காளைகள் பலகை வழியாகத் துள்ளிக்கொண்டு இறங்கின. பேச்சிமுத்து பூட்டினான்.

அந்த ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. கிளாடிஸ் ஜீப்பில் ஏறினாள். மேலே விளக்கைச் சுழலவிட்டு, பந்தய வண்டிக்குப் பின்னால், அது போகிற வேகத்திலேயே, நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். பின்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக ஊர்ந்து வந்தன. ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. முன்னால் இரண்டு வெள்ளைக் காளைகள் தலையைத் தூக்கிக்கொண்டு, இந்த ரோடே எங்களுக்குப் போட்டதுதான் என்கிற மாதிரிப் போயின.

சிவபாலனின் மாடுகள் இரண்டாவது கொடி வாங்கின. மேடம் மறிக்காமல் இருந்தால் முதல் கொடி என் மாட்டுக்குத்தான் என்று சிவபாலன் சொன்னார். லாரியிலேயே வந்திருந்தால் நாலாவதுதான் வந்திருக்கும், நடந்து வந்ததில்தான் மாட்டுக்குக் கால் சூடேறியது என்று பேச்சிமுத்து சொன்னான். இன்றைக்கும் அந்த ஊர் டீக்கடைகளில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. லாரியை மட்டும் சிவபாலன் அடுத்த வாரமே வெட்டிவிட்டார்.

ஜீப் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு மாட்டு வண்டிக்குப் பின்னால் போகிறதை யாரோ போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அது ஊர் ஊராகச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமைக்குள் நாசரேத்துக்கும் வந்துவிட்டது. பாடகர் குழுவில் யாரோ ஜீவமணியிடம் காட்டி, "டீச்சர், இது உங்க மகதான?" என்று கேட்டார்கள். ஜீவமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார். பிறகு, "ஆமா, என் மகதான். மோட்டார் வாகன ஆய்வாளர்" என்று, வகுப்பில் சொல்லுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னாராம். இதைக் கிளாடிஸிடம் சொன்னவர் பொன்னுதுரை.

அன்று சாயங்காலம் ஜீவமணியே போனில் கூப்பிட்டார். முதலில் சாப்பிட்டாயா, வெயிலில் தொப்பி போடுகிறாயா என்று என்னென்னவோ கேட்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏளா, நாப்பது பிள்ளையளை வரிசையா நிக்க வைக்கதுதான் பெரிய வேலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"அது பெரிய வேலைதானம்மா."

"நீ நாப்பது லாரியை நிக்க வச்சிருக்க. ஒருத்தனும் சத்தம் போடல பாத்தியா. என் கிளாஸ்லயே பிள்ளையள் சத்தம் போடும்."

கிளாடிஸ், "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருசக் கொடைக்கு ஆறுமுகநயினாரும் ஆட்களும் அச்சடித்த நோட்டீஸில், பரிசு விவரத்துக்கும் மேலே, பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வருகிற லாரிகளின் மாடுகளுக்கு எல்கையில் இடமில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் போடச் சொன்னது கிளாடிஸ் இல்லை. நோட்டீஸைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரியும்.

பந்தயத்தன்று காலையில் போன் வந்தது. பேசியது சிவபாலன்.

"மேடம், வெளிமாவட்டத்து லாரி ஒண்ணு, இவ்வளவு நீளத்துக்கு நீட்டிக்கிட்டு வந்திருக்கான். விலக்குல நிக்கு. வாரியளா?"

"நிறுத்துனது யாரு? நீங்களா? உங்களுக்கு அதுக்கு அதிகாரம் கிடையாதே."

"நிறுத்தல மேடம். டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சிருக்கேன்."

கிளாடிஸ் சிரித்துக்கொண்டே ஜீப்பை எடுத்தாள். விலக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். பந்தய வண்டியை ஏற்கெனவே கீழே இறக்கித் திருப்பிப் போட்டிருந்தார்கள். சிவபாலன் பாடிக்குள் ஏறி நின்று, மாட்டை எப்படி நிறுத்த வேண்டும், கம்பை எங்கே விட வேண்டும் என்று அந்த டிரைவருக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறுமுகநயினார் கீழே நின்று, "எங்க ஊர்ல இப்படித்தான் தம்பி. நாங்க சும்மா விட மாட்டோம்" என்றார். அவள் வந்து நிற்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் பேசுவதைப் பார்த்தால், அது ஏதோ அவர்களுடைய அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே இருந்துவருகிற வழக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கிளாடிஸ் ஜீப்பில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த உத்தியோகத்தில் பாராட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். கலெக்டர் கையால் கேடயம் வாங்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை. அங்கே அவள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே இல்லை.

அந்த வெளியூர் லாரி சரியாகி எல்கைக்குக் கிளம்பிப் போனபின், அவளும் போனாள். இத்தனை பந்தயத்துக்கு லாரி பார்த்திருக்கிறாள், ஒரு பந்தயம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ரோட்டோரத்தில் ஜனங்களோடு ஜனமாக நின்றாள். பூஞ்சிட்டு விட்டார்கள். குட்டிக் குட்டி மாடுகள், பார்த்தால் கன்றுக்குட்டி மாதிரி, மணிச் சத்தத்தோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. கடைசியில் வந்துகொண்டிருந்த ஒரு ஜோடி, அவளுக்கு நேர் எதிரே, முன்னால் போன வண்டியை ஒதுக்கிவிட்டுப் பாய்ந்தது. "போடு, போடு, விடாத!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தபிறகுதான், கத்தியது தான்தான் என்று கிளாடிஸுக்குத் தெரிந்தது.